கைதட்டாவிட்டால் என்ன ஆகும்?

என் தங்கை வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவர்கள் மட்டும்தான். மற்ற எல்லாருக்கும் அவர் ரசமட்டம். டைல்ஸ் ஒட்டுகிறவர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு நடுவில் ஒரு குமிழி ஓடும் கட்டையை வைத்துப் பார்ப்பார்களே, அந்த ரசமட்டம் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வாசல் பக்கம் அரை இஞ்ச் இறக்கம் இருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் போன பிறகு அளந்து பார்த்தேன். அரை இஞ்ச் இருந்தது.

எனக்கு ஜெராக்ஸ் கடை. போன வருஷம் ஒரு மத்தியானம் மனுஷன் கையில் ஒரு பெரிய தாளோடு வந்து நின்றார். அவருடைய கராத்தே வகுப்பில் சுவரில் ஒட்டியிருக்கும் படம் அது. ஒரு ஆள் இருபத்தேழு விதமாக நிற்கிறான். குத்துகிறான், தடுக்கிறான், காலை அகட்டிக் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்கிறான். இரண்டு காப்பி எடுத்துக் கொடுத்தேன். என் மேஜைமேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு ஆளாக வெட்டி, எல்லாரையும் படுக்கப் போட ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, படத்தைக் குறுக்கால வைக்கிறீங்க."

"தெரியும் மச்சான். இவன் கீழ விழுந்துட்டான். இனிமே என்ன பண்ணுவான்னு பாக்குறேன்."

"இதுக்குப் போய் ரெண்டு காப்பியா? போனைத் திருப்பிப் பாத்தா தெரியாதா?"

"போனைத் திருப்பினா படமும் கூடவே எந்திரிச்சு நின்னுக்குது. மூணு நாளா அதோட மல்லுக்கட்டிப் பாத்துட்டேன்."

வரிசையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். அவர்களும் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வியாபாரம் கெட்டது.

அவர் கராத்தே வகுப்புக்குப் போக ஆரம்பித்த காரணத்தைச் சொன்னால்தான் இந்தக் கூத்து புரியும். சண்டை போடுகிற ஆள் இல்லை. எறும்பு ஓடினால்கூட ஒதுங்கி வழி விடுவார். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை குந்தியும் மண்டியிட்டும் தரையோடு தரையாகக் கிடக்கிற பிழைப்பு. "வீட்டுக்காரங்க என்கிட்ட பேசும்போது அவங்க செருப்பைப் பாத்துத்தான் பதில் சொல்றேன் மச்சான். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரமாவது நிமிர்ந்து நிக்கணும்" என்று ஒருமுறை சொன்னார். ஒரு பர்னிச்சர் கடைக்கு மாடியில் இருந்த ஹாலில் போய்ச் சேர்ந்தார். பதினோரு வருஷம். அங்கே அவர் நிற்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஐந்தடி ஐந்தங்குல ஆள் ஆறடியாகத் தெரிவார். கறுப்பு பெல்ட்டுக்கு ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் வலது முட்டி காலை வாரியது. உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார் எலும்பு டாக்டர். நடக்கலாம், பஞ்சு கட்டிக்கொண்டு வேலை பார்க்கலாம். ஆனால் அந்தக் காலில் நின்று திரும்பி உதைப்பது, துள்ளுவது எதுவும் கூடாது. சடாரென்று விழுந்துவிடுவீர்கள் என்று எச்சரித்து அனுப்பினார்.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. பெல்ட் பரீட்சையில் தேறாதவர்கள் அந்த வருஷம் முழுக்க ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம், களத்தில் இறங்கக் கூடாது. நாற்பத்தாறு வயசு, கிழிந்த முட்டி. ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தால் அப்புறம் அவ்வளவுதான் என்று அவருக்கே தெரியும்.

வேறு யாராக இருந்தாலும் நொந்துபோயிருப்பார்கள். இவருக்கு வந்தது சந்தேகம்.

"மச்சான், எங்க வகுப்புல ஒருத்தன் கீழ விழுந்தா மாஸ்டர் டப்புன்னு கைதட்டுவாரு. ரெண்டு பேரும் நிறுத்திடணும். விழுந்தவன் எந்திரிப்பான், மறுபடி ஆரம்பிப்போம். பதினோரு வருஷமா இதேதான். கைதட்டலைன்னா என்ன ஆகும்?"

"என்ன ஆகும், நிக்கிறவன் விழுந்தவனை மிதிப்பான்."

"விழுந்தவன்?"

"அதை உங்க மாஸ்டரைக் கேளுங்க" என்றேன். மாஸ்டரையும் கேட்டிருக்கிறார். மாஸ்டர் என்றதும் தாடியும் மீசையுமாக யோசிக்காதீர்கள். பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிற முப்பத்திரண்டு வயசுப் பையன். இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். "யாரும் தட்டாம இருந்ததில்லையே அண்ணே. நம்மளது நிக்கிற கலை" என்று சொல்லி நழுவிவிட்டாராம்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் என் நிம்மதி போச்சு. தங்கை வீட்டு ஹாலில் கோரைப்பாயை விரித்து மல்லாக்கப் படுத்துக்கொண்டு, "மச்சான், வயித்து மேல ஏறி உக்காருங்க" என்பார். நான் தொண்ணூற்று நாலு கிலோ. "தாங்குவீங்களா?" என்று கேட்டால், "தாங்காததைத்தான பாக்கணும்" என்பார்.

முதல் வாரம் கீழிருந்து என்னைக் குத்திப் பார்த்தார். குத்துவதற்காகக் கையைப் பின்னால் இழுத்தார், முழங்கை தரையில் ணங்கென்று இடித்தது. அப்படியும் விடாமல் குத்தினார். நெஞ்சில் தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது, சுகமாகக்கூட இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார்.

"குத்து கையில இல்ல மச்சான். குதிகால்ல இருக்கு. குதிகால் தரையைத் தள்ளணும், அது இடுப்புக்கு ஏறணும், அப்புறம்தான் கைக்கு வரும். இப்ப என் குதிகால் எங்க இருக்கு?"

"எனக்குப் பின்னாடி எங்கயோ கெடக்கு."

"அதான். வேலைவெட்டி இல்லாம கெடக்கு."

அன்றைக்கு முழுக்க அந்த வேலையில்லாத குதிகாலைப் பற்றியே பேசினார். சாப்பிடும்போதும் பேசினார்.

இரண்டாவது வாரம் நடந்தது தற்செயல். கராத்தேயில் ஒரு கை குத்தும்போது இன்னொரு கை வெறுமனே இடுப்புக்கு வரும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்களாம், வேகத்துக்கு என்பார்கள், அழகுக்கு என்பார்கள். பழக்கதோஷத்தில் படுத்துக்கொண்டும் அதையே செய்தார். ஆனால் அப்போது என் மணிக்கட்டு அவர் கையில் மாட்டியிருந்தது. அவர் இடுப்புக்கு இழுத்தார், நான் குப்புற அவர் நெஞ்சில் மூக்கு நசுங்க விழுந்தேன்.

"ஐயோ, மூக்கு!" என்றேன்.

"மச்சான்! இது சும்மா வர்ற கை இல்ல! எதையோ புடிச்சிட்டு வர்ற கை! பதினோரு வருஷமா காத்தை இழுத்துட்டு இருந்திருக்கேன்!"

அவருக்கு இருந்த சந்தோஷத்தில் என் மூக்கை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது, தடுப்பது. நின்றுகொண்டு தடுக்கும்போது கையை வீசித் தடுப்பார்கள். படுத்திருப்பவனுக்கு வீச ஏது இடம்? நான் மேலே சாய்ந்தால் அவர் கை மடங்கிப் போனது. இரண்டு ஞாயிறு இப்படியே மடங்கியது. மூன்றாவது ஞாயிறு மனுஷன் கட்டட வேலையை ஞாபகப்படுத்திக்கொண்டு வந்திருந்தார். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகைக்கு அடியில் சவுக்குக் கட்டையை நிறுத்துவார்கள், அதற்கு முட்டு என்று பெயர்.

"சென்ட்ரிங்காரன் முட்டுக்கட்டையைக் கையில தூக்கிப் புடிச்சிட்டா நிக்கிறான்? வச்சிட்டு டீ குடிக்கப் போயிடுறான். கட்டை தாங்குது, இவன் தாங்கல. நானும் தள்ளக் கூடாது மச்சான், வைக்கணும்."

முழங்கையைத் தரையில் ஊன்றினார், முன்கையைச் சாய்வாக என் கழுத்தடியில் வைத்தார். நான் என் தொண்ணூற்று நாலு கிலோவையும் இறக்கினேன். என் பாரம் அவர் எலும்பு வழியாகத் தரைக்குள் போய்விட்டது. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, என்னைப் பார்த்து, "டீ குடிக்கப் போகலாம் போல இருக்கு" என்றார்.

அந்த வாரம் முழுக்க யார் எதைச் சொன்னாலும் முட்டுதான். தங்கையிடம் நான் அவருக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசினேன். "நீ வேற அவருக்கு முட்டுக் கொடுக்காதே அண்ணா" என்றாள். உடனே அவர், "பாத்தியா, அங்கயும் தள்ளல, வைக்கிறாரு" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

இத்தனை கண்டுபிடித்தும் ஒன்று மட்டும் வரவில்லை. என்னைத் தாங்கினார், கவிழ்த்தார், ஆனால் எனக்கடியிலிருந்து வெளியே வர முடியவில்லை. நெளிந்தார், துள்ளினார், என்னை நேராக மேலே தள்ளினார். நான் ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷத்தில் வேர்த்து விறுவிறுத்து, "போச்சு மச்சான், இதுக்கு மேல நம்ம படத்துல ஒண்ணும் இல்ல" என்று கையை விரித்துவிட்டார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

என் தங்கை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சோபாவில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டு இந்தக் கண்ணராவியை ஐந்து வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் உருண்டு மிச்சமிருக்கிற முட்டியையும் முடித்துக்கொள்வார் என்பது அவள் பயம். அன்றைக்கு வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ரிவர்ஸே கிடையாதா உங்களுக்கு? இடுக்குல மாட்டின வண்டியை எவனாவது முன்னாடியே தள்ளுவானா?"

"படுத்துட்டு எப்படிடி ரிவர்ஸ் போறது?"

"குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிட்டு எப்படி வெளிய வருவீங்க? ஒட்டின கல்லை மிதிக்க மாட்டீங்க, திரும்ப இடம் இருக்காது. பின்பக்கத்தாலயே நகந்து வாசலுக்கு வருவீங்கள்ல? அப்படி வாங்களேன்."

ரசமட்டம் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு பாதத்தைத் தரையில் ஊன்றினார். இடுப்பைத் தூக்கிப் பக்கவாட்டில் பின்னால் இழுத்தார், தோளை எதிர்ப்பக்கம் நகர்த்தினார். கழுத்தில் முட்டு. மறுபடி ஒரு இழுப்பு. அவர் நகர்ந்த இடத்தில் நான் வயிறு தட்டிக் குப்புற விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். அவருடைய குதிகால் தரையில் இருந்தது, அதாவது அதற்கு வேலை கிடைத்துவிட்டது, உதை தயார். நின்ற கால் செய்கிற வேலையை முதுகுக்கடியில் இருந்த தரை செய்தது. முட்டிக்கு ஒரு வலியும் இல்லை.

"இருபது வருஷமா இதைத்தான தினமும் பண்றேன்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். தங்கை பீன்ஸைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

பரீட்சை நாள் வந்தது. வெளியூரிலிருந்து பரீட்சகர் வந்திருந்தார், அறுபது வயசு, கட்டைக் குரல். நானும் தங்கையும் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். இருபத்தேழு நிலைகளையும் ரசமட்டம் நின்றுதான் செய்ய வேண்டும். செய்தார். வலது காலில் பாரம் வரும் இடங்களில் காலைக் குறுக்கிக்கொண்டார். பரீட்சகர் ஒவ்வொரு தடவையும் பேனாவைத் தாளில் வைத்தார். அந்தப் பேனாவைப் பிடுங்கிவிடலாமா என்று எனக்கு இருந்தது.

அப்புறம் மூன்று சண்டை. முதலிரண்டும் ஒப்பேறின. மூன்றாவதற்குக் கூரியர் வண்டி ஓட்டுகிற வாலிபன் வந்தான், வகுப்பிலேயே வேகமானவன். அவன் காலை வீசினான். ரசமட்டம் விலகுவதற்கு வலது காலைத் திருப்பினார். டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. பலகைத் தரையில் சொத்தென்று விழுந்தார்.

அப்போது கூரியர்காரன் செய்ததை அந்த வகுப்பில் படித்தவன்தான் செய்வான். எதிராளி விழுந்ததும், முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டடி நடந்து, பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு நின்றான். கைதட்டல் வருமென்று அவன் உடம்புக்கே பழகிப்போயிருந்தது. பரீட்சகர் தட்டுவதற்குக் கையைத் தூக்கிவிட்டார்.

"தட்டாதீங்க சார்" என்றார் ரசமட்டம், கீழே கிடந்தபடியே. "ஒரு நிமிஷம் விடுங்க."

"விட்டா என்ன பண்ணுவ?"

"அதைத்தான் சார் பாக்கணும்."

பரீட்சகரின் இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பரீட்சகர் கையை இறக்கி, கூரியர்காரனைப் பார்த்து, "போ" என்றார்.

அவன் எங்கே போவான்? படுத்திருக்கிறவனிடம் எப்படிப் போவது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தயங்கித் தயங்கி வந்து மேலே பாய்ந்தான். கழுத்தில் முட்டு விழுந்தது. அவன் குத்த வந்த கை இவர் இடுப்புக்குப் போனது, அவன் மூக்கு இவர் நெஞ்சுக்கு வந்தது. என் மூக்கு தானாகக் கூசியது. குளியலறையிலிருந்து வெளியே வருகிற மாதிரி ஒரு நகர்வு, இன்னொரு நகர்வு. அவன் எழுந்து மறுபடி வந்தபோது இவருடைய பாதம் அவன் இடுப்பில் பதிந்து அவனை நாலடி தள்ளியது. அந்த இடைவெளியில் ஒரு கையை ஊன்றி, இடது காலில் பாரத்தை வைத்து, ரசமட்டம் எழுந்து நின்றார். பக்கத்தில் என் தங்கை என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

பரீட்சகர் இறங்கி வந்தார். "அந்தக் கையை எங்க வச்ச? எனக்கு வை" என்று மண்டியிட்டுச் சாய்ந்தார். ரசமட்டம் வைத்துக் காட்டினார். பரீட்சகர் அழுத்திப் பார்த்தார், நகர்ந்து பார்த்தார், ஒரு சின்னப் பிள்ளை மாதிரி "இன்னொரு தடவை" என்றார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் எழுந்துபோய்த் தாளை எடுத்தார். "இது நல்லா இருக்கு. ஆனா இதுக்கு மார்க் போட இந்தத் தாள்ல கட்டம் இல்லப்பா. நின்னு பண்ணினதுல பத்து மார்க் குறையுது" என்று சொல்லி, தேர்ச்சி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் பெஞ்சிலிருந்து குதித்தேன். "கட்டம் இல்லன்னா ஒரு கோடு போட்டுக்குங்க சார், ஸ்கேல் நான் தர்றேன்!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். தங்கைதான் என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

வேனில் பிள்ளைகள் உட்காரும் சின்ன சீட்டில் ரசமட்டம் உட்கார்ந்திருந்தார். முட்டி வீங்கியிருந்தது. வருத்தமா மாப்பிள்ளை என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

"இருக்கு மச்சான். ரொம்ப இருக்கு" என்றார். "சந்தேகத்துக்குப் பதில் கெடைச்சிருச்சு. அது போதும்னு நெனச்சேன். போதல." அப்படியே அழுதுவிட்டார். என் தங்கை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அவர் அழுது முடிக்கும் வரை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வகுப்பு. வகுப்பிலிருந்து வாங்கிவைத்திருந்த கையுறையும் முழங்கால் காப்பும் இவரிடம் இருந்தன. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், பெஞ்சில் எல்லாம் உட்கார முடியாது என்றார். தனியாக மாடிப்படி ஏற விடக் கூடாதென்று நாங்கள் இரண்டு பேரும் கூடப் போனோம்.

ஹால் கதவு திறந்திருந்தது. உள்ளே சத்தமே இல்லை. வகுப்பு இல்லையோ என்று எட்டிப் பார்த்தேன். பதினாலு பேரும் வரிசை தப்பாமல், வெள்ளை உடுப்போடு, மல்லாக்கப் படுத்திருந்தார்கள். கூரியர்காரன் முன்வரிசையில் கிடந்தான். நடுவில் மாஸ்டர் படுத்திருந்தார். யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை, எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் படுத்தபடியே கழுத்தைத் திருப்பினார். "வாங்கண்ணே. பத்து நிமிஷமா படுத்திருக்கோம், ஒண்ணும் வரல. பெல்ட் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. பெஞ்சு சட்டம் போட்டது நான்தான், அதை எடுத்துட்டேன். முதல்ல எந்தக் கால்?"

ரசமட்டம் வாசலிலேயே நின்றார். கையுறையையும் காப்பையும் என் கையில் திணித்தார். அப்புறம் பதினாலு பேரையும் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை பார்த்தார்.

"என்னய்யா இது, பாய் விரிச்ச மாதிரி? எல்லாரும் எந்திரிங்க முதல்ல" என்றார். "விழாம எப்படிக் கீழ வந்தீங்க? விழுறதுலருந்து ஆரம்பிப்போம்."

என் தங்கை என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும்தான் அழுதேன், சொல்வதற்கென்ன.